நாற்பத்தோராவது குட்டி

நூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தடுப்பூசி நினைவூட்டல் போக வேண்டும். நாற்பது பேருக்குப் போனதும் புரோகிராம் படுத்துவிட்டது. திரையில் சிவப்பாக நாலு வரி.

கால்நடை மருத்துவமனையின் வரவேற்பாளர் அந்த நாலு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தாள். மூன்று மாதம் கற்று, சொந்தமாக எழுதிய முதல் புரோகிராம் அது. போன மாதம் கையால் அனுப்பியபோது சிலருக்கு ஒரே செய்தி இரண்டு தடவை போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இந்த முறை ஒரு புகார் வந்தாலும் வேலை வெளிக் கம்பெனிக்கு, வராவிட்டால் கம்ப்யூட்டர் பிரிவு உங்களுக்கு என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். முதலிலிருந்து ஓட்டினால் அந்த நாற்பது பேருக்கும் மறுபடி போகும்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். அவள் வேறொரு கணினி மொழியில் பத்து வருஷம் குப்பை கொட்டியவள். அண்ணியின் மொழி அவளுக்கு விளையாட்டுச் சாமான்.

"எங்க மொழி முழுசாப் படிச்சுப் பார்த்துட்டுதான் ஓடவே விடும், அண்ணி. வயசுன்னா எண்ணுதான்னு முதல்லயே எழுதி வாங்கிக்கும். உங்களுது வரி வரியாப் படிச்சு அப்பப்பவே செய்யற ஆளு. எதைப் போட்டாலும் வாங்கி வச்சுக்கும், கூட்டச் சொன்னாதான் முரண்டு பிடிக்கும்."

முரண்டு பிடித்த இடம் நாற்பத்தோராவது வரிசை. வயது என்ற கட்டத்தில் 'குட்டி' என்று இருந்தது. வயது தெரியாத பிராணி வந்தால் அங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். கம்ப்யூட்டரில் இதை அடித்ததும் வரவேற்பாளரேதான். போன வருஷ வயதோடு ஒன்றைக் கூட்டிச் செய்தியில் போடும்படி புரோகிராமை எழுதியிருந்தாள். குட்டியோடு ஒன்றைக் கூட்டினால் எந்தக் கம்ப்யூட்டர்தான் என்ன செய்யும்?

எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கச் சொன்னாள் நாத்தனார். அண்ணியின் கை மூடும் பொத்தான்வரை போய் நின்றது. ஒரு வரி அடித்தால் உடனே பதில் சொல்லும் ஜன்னலில்தான் புரோகிராமை ஓட்டியிருந்தாள். புரோகிராம் நின்றாலும் ஜன்னல் விழித்துக்கொண்டுதான் இருந்தது. வரிசை எண்ணைப் போட்டு வைத்திருந்த பெட்டியின், அதாவது வேரியபிளின், பெயரை அடித்தாள். 41 என்றது.

"மூடினா இதெல்லாம் போயிடும்டி. எங்க நின்னேன்னு அதுகிட்டயே கேக்கலாம் போலிருக்கே."

"கேளுங்க, கேளுங்க. எங்களுது இந்நேரம் மொத்தமா மூட்டை கட்டியிருக்கும்" என்றாள் நாத்தனார்.

வயது எண்ணாக இல்லாதவை எத்தனை என்று ஜன்னலிடம் கேட்டாள். ஏழு. அந்த ஏழையும் ஒதுக்கிவிட்டு நாற்பத்தொன்றிலிருந்து தொடரச் சொல்லி மூன்று வரி எழுதித் தட்டினாள். அறுபத்தைந்து செய்திகள் வரிசையாகப் போயின.

ஒதுக்கிய ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் போனில் பிடித்து, தடுப்பூசியை நினைவூட்டி, பிராணியின் வயது கேட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா வந்து நின்றார். அவள் எதையும் மறைக்கவில்லை. பாதியில் நின்றதையும், காரணம் குட்டி என்பதையும் சொன்னாள்.

"அப்படி எழுதற பழக்கத்தை ஆரம்பிச்சதே நான்தான்" என்றார் டாக்டரம்மா. "புகார் ஏதாவது?"

"இதுவரைக்கும் இல்ல, மேடம்."

"வெளிக் கம்பெனிக்காரர் பதினோரு மணிக்கு வர்றதாச் சொன்னார். வர வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க."

இன்னும் இரண்டு குட்டிகள் பாக்கி இருந்தன. அவற்றின் வயதைக் கேட்டுப் பதிந்துவிட்டு வெளிக் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள்.