சத்தம் எங்கே போகிறது

என் வீட்டுக்காரர் சிறிலுக்கு மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குப் போகவே பயம். வழியெல்லாம் இராணுவச் சோதனைச் சாவடி. ஆனால் சனிக் கிரகத்துக்கு மாதம் ஒருமுறை போய் வந்துவிடுவார், அங்கே அடையாள அட்டை கேட்க ஆளில்லையே! விஞ்ஞானக் கதை எழுத்தாளர். மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து அணுசக்திக் கப்பல் ஓட்டுவார். எண்ணெய்க்கு வரிசையில் நிற்பது நான்.

கதைகள் வந்த இதழை வாங்கியவர்களைவிட வாங்காதவர்கள் அதிகம். மிஞ்சிய பிரதிகள் கடைகளுக்குப் போய்ச் சீனி சுற்றும். "எப்பிடியோ வாசகர்ட கைக்குப் போகுதுதானே" என்பார் மனுசன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அப்படிச் சீனி சுற்றிய ஒரு தாளோடுதான் அன்னப்பூரணி எங்கள் வாசலுக்கு வந்தார். வாழைச்சேனைக்காரர், என் அம்மா வயது. ஒவ்வொரு சாவடியிலும் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து, மறுபடி ஏறி வந்திருந்தார். தாளின் மேல்பாதி கிழிந்து போயிருந்ததால் அது கதை என்பதே தெரியவில்லை. மிஞ்சிய பாதியில் இவருடைய பெயரும் ஊரும், ஒரு கருவியைப் பற்றிய விளக்கமும் இருந்தன. பேசிய சத்தம் அழிவதில்லையாம், காற்றிலேயே நிற்குமாம், அந்தக் கருவியால் அதைத் திரும்பக் கேட்கலாமாம்.

"தம்பி, இந்த மிசின் எங்க இரிக்கு?" என்று கேட்டார். "என்ட மகன் நல்லரத்தினத்தப் புடிச்சிக்குப் போய் ரெண்டு மாரிக்காலம் போயிற்று. அவன்ட குரல் மறந்து போகுது. ஒருக்காக் கேட்டாப் போதும்."

ஜப்பானில் இருக்கிறது என்றாவது சொல்லிச் சமாளியுங்கள் என்று இவருக்குக் கண்ணைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புளுகுகிறவருக்கு அன்று ஒரு பொய் வரவில்லை.

"அம்மா, அது நான் கற்பனையா எழுதின கத. அப்பிடி மிசின் ஒண்டும் இல்ல."

அவர் தாளை நாலாக மடித்தார். "அப்ப சத்தம் எங்கதான் போகுது?"

சனிக் கிரகத்தின் வளையங்களை எல்லாம் அறிந்தவருக்கு இது தெரியாது. "தேடிப் பாத்து எழுதிறன் அம்மா" என்றார். அன்னப்பூரணி தேநீரைத் தொடாமலே போய்விட்டார்.

மறுநாள் இவர் சைக்கிளை எடுத்தார். பயந்த அதே சாவடிகளைத் தாண்டி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனார், பிறகும் பிறகும் போனார். எழுதிக்கொண்டிருந்த கதையில் விண்கப்பல் நடுவழியில் நின்றது. பிராணவாயு தீர்ந்துபோன கதாநாயகன் இன்றுவரை அங்கேதான் கிடக்கிறான், ஏனென்றால் அதற்குப் பிறகு இவர் எழுதியதெல்லாம் விஞ்ஞானக் கட்டுரைகள். முதல் கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டினார். விளங்காத இடமெல்லாம் நான் ஏச, திருப்பித் திருப்பி எழுதினார்.

அச்சாகி வந்ததும் இரண்டு பேருமாக வாழைச்சேனைக்குக் கொண்டு போனோம். அன்னப்பூரணி விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். சத்தம் சுவரிலும் பொருள்களிலும் பட்டு, கைக்குத் தெரியாத அளவு சிறிய சூடாக மாறி அடங்கிவிடும் என்று எழுதியிருந்தது.

"அப்ப அவன் போட்ட கூச்சலெல்லாம் இந்தச் செவருக்குள்ளதான் போயிரிக்கு?"

"ஓம் அம்மா. ஆனா திருப்பி எடுக்க ஏலாது."

"எடுக்கத் தேவல்ல." எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். நாங்கள் வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார். "சரியான கூச்சல்காரன். இன்னும் சூடு இரிக்கு, மகள், வந்து பாருங்க."

நானும் கையை வைத்தேன். மேற்குப் பக்கச் சுவர், பின்னேர வெயிலில் நன்றாகச் சூடேறியிருந்தது. காரணம் தெரிந்த மனுசன் என் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.