வெட்டிவிட்டவர்கள்

பெட்டிக்குள் கிடந்த தம்பியின் கன்னத்தில் அப்பியிருந்த ரோஸ் நிறச் சாயத்தை அக்கா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியின் ஒரு பக்கம் முழுக்க அழுக்கானதும் மடித்து மறுபக்கத்தால் துடைத்தாள்.

"அதை எடுத்துட்டா காயம் தெரியும்மா," என்றார் அஞ்சலிக்கூடத்து ஊழியர்.

"தெரியட்டும்."

"வர்றவங்க சங்கடப்படுவாங்க."

"படட்டும். இவன் ஒரு நாளும் பவுடர்கூடப் போட்டதில்ல."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பூச்சாடிகளை நகர்த்தப் போனார்.

பால் ஆலையில் பத்தொன்பது வருஷமாக அக்காவின் வேலையே மோந்து பார்ப்பதுதான். லாரியில் வந்திறங்கும் பாலில் ஒரு கரண்டி எடுத்து, நாக்கில் வைத்து, துப்பிவிட்டு, எடுக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். மெஷின் கண்டுபிடிப்பதற்குள் அவள் மூக்கு கண்டுபிடித்துவிடும். இன்றைக்குக் காலையிலிருந்து எல்லாவற்றிலும் திரிந்த வாடை அடித்தது. பூக்களில், மெழுகு தேய்த்த தரையில், ஆறுதல் சொல்லிப் போனவர்களின் கைகளில்.

பத்து மணிக்குக் கிளப்காரர்கள் வந்தார்கள். ஆறு பேர், ஒரே நீலச் சட்டை. தம்பி வாரம் முழுக்கப் பல் செட் செய்கிற வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் இவர்களோடுதான் விமானத்திலிருந்து குதிப்பான். கைக்கும் இடுப்புக்கும் நடுவில், இரண்டு கால்களுக்கும் நடுவில் துணி தைத்த விங்சூட்டை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிஷம் வௌவால் மாதிரி மிதப்பார்கள். அதற்கப்புறம்தான் பாராசூட்.

முன்னால் வந்தவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். எந்தக் கப்பலுக்கும் அவர் கேப்டன் இல்லை; கிளப்பை ஆரம்பித்தவர், அவ்வளவுதான்.

"பிடிச்சதைச் செஞ்சுக்கிட்டே போயிருக்கான் சிஸ்டர்," என்றார். "எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை?"

காலையிலிருந்து இதைச் சொல்லும் நாலாவது ஆள்.

"தூங்கறதும் அவனுக்குப் பிடிக்கும்," என்றாள் அக்கா.

கேப்டன் அதைத் துக்கத்தில் வந்த பேச்சாக எடுத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டினார். அவர் நகர்ந்ததும் தோளைத் துடைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பின்னால் நின்ற இரண்டு பேர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கத்தரிதானா இது," என்று முணுமுணுத்தார்கள்.

அது கிளப்பில் தம்பிக்கு வைத்த பட்டப்பெயர். அதைக் கேட்டதும் அக்கா பெட்டியருகிலிருந்து நகர்ந்து, தண்ணீர் குடிக்க நடைக்கு வந்தாள்.

நடையில் குழாய் ஓரமாக ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். கிளப்பில் பாராசூட் மடிக்கிறவள்; அவளும் குதிப்பவள்தான். நீலச் சட்டை போடவில்லை. அக்காவைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தினாள்.

"நான் மடிச்சதுல தப்பான்னு கேக்க வந்தீங்களாக்கா?"

"என்ன நடந்துச்சுன்னு சொல்லு. போலீஸ்காரர் சொன்னது எனக்கு ஒண்ணும் புரியல."

அவள் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"பாராசூட் விரிஞ்சுது. ஆனா கயிறெல்லாம் முறுக்கிக்கிச்சு. விங்சூட்ல இது அடிக்கடி வரும். உடம்பு ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தாலே போதும். காலை உதைச்சு முறுக்கைப் பிரிக்கலாம். பிரியலன்னா, ஒரு உயரத்துக்குக் கீழ அதோட மல்லுக்கட்டக் கூடாது. சிவப்புக் கைப்பிடியை இழுத்தா பெரிய பாராசூட் கழண்டு போயிடும். அடுத்த கைப்பிடியை இழுத்தா சின்னது வரும். அதைத்தான் வெட்டிவிடறதுன்னு சொல்வோம்."

"அவன் முன்னாடியே ரெண்டு தடவை செஞ்சிருக்கானே."

"ரெண்டு தடவையும் அவ்வளவு சரியாச் செஞ்சான். புதுசா வர்றவங்களுக்கு அவன் வீடியோவைத்தான் நான் போட்டுக் காட்டுவேன்."

"இந்தத் தடவை?"

"உதைச்சுக்கிட்டே இருந்தான். இருபத்திரண்டு செகண்ட். ஹெல்மெட் காமிராவில சத்தம் இருக்கு. 'வந்துடும், வந்துடும்'னு சொல்லிக்கிட்டே வர்றான்." அவள் குரல் இறங்கியது. "சிவப்பை இழுத்தப்போ மரம் தெரியுது. சின்னது விரிய நேரமில்ல. சின்னதைத் தானா திறக்கிற மெஷினும் உண்டு. ஆனா பாதி விரிஞ்ச பாராசூட் வேகத்தைக் குறைச்சுட்டா, ஆபத்துன்னே அதுக்குத் தெரியாது."

"ஏன் அவ்வளவு நேரம்?"

"போன மாசம் என்கிட்ட வந்தான். கைப்பிடியைத் தொடாம எத்தனை முறுக்கு வரைக்கும் பிரிக்கலாம்னு கேட்டான். எதுக்குன்னேன். இன்னொரு தடவை வெட்டினேன்னா கிளப்ல என்னைச் சும்மா விடமாட்டாங்கன்னு சிரிச்சான்."

அக்கா தண்ணீர் குடிக்காமலே உள்ளே திரும்பினாள்.

கேப்டன் பேச ஆரம்பித்திருந்தார். முன்வரிசையில் அம்மா காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷமாக அவளுக்குக் காது மந்தம்.

"எங்களுக்கெல்லாம் அவன் கத்தரி," என்று கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு தடவை பாராசூட்டை வெட்டிவிட்டுட்டு இறங்கினான். கொஞ்சம் முறுக்கிக்கிட்டா போதும், அவனுக்குக் கை பரபரக்கும். ஆண்டு விருந்துல கிண்டலுக்கு இதைக் கொடுத்தோம்."

பைக்குள்ளிருந்து ஓர் அட்டைக் கத்தரியை எடுத்தார். முழங்கை நீளம். வெள்ளித்தாள் ஒட்டி, கைப்பிடியில் ரிப்பன் கட்டியிருந்தது. கூடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிலர் சிரித்தார்கள். அந்த ஈரச் சிரிப்பு அவளுக்கு யாரோ முகத்தில் தும்மியது மாதிரி இருந்தது.

அந்த விருந்துக்கு அவளும் போயிருந்தாள். தம்பி மேடையில் காது சிவக்க நின்றான். கீழே உட்கார்ந்து அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்றைக்கே போனில் அவன் பெயரை எடுத்துவிட்டுக் கத்தரி என்று போட்டாள். முந்தாநாள் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவன் போனிலிருந்துதான் அழைத்தார்கள். அந்தப் பெயர்தான் வந்தது. எடுத்த எடுப்பில், "என்னடா, இன்னைக்கும் வெட்டிட்டியா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் தொண்டையைச் செருமினாள்.

"என்ன சிரிக்கிறாங்க?" என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்லம்மா."

கேப்டன் அட்டைக் கத்தரியைப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தார்.

"வைக்காதீங்க," என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்தார்.

"உங்க கிளப்ல இவனைத் தவிர யாரும் இதுவரைக்கும் வெட்டிவிட்டதே இல்லையா?"

"சிஸ்டர், இது அதுக்கான நேரமில்ல."

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

வாசலிலிருந்து பாராசூட் மடிக்கிறவள் சொன்னாள்: "நான் நாலு தடவை."

நீலச் சட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கொஞ்சம் முன்பு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்களில் ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணு," என்றான். "வெளியூர்ல. இங்க சொல்லல."

அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் இரண்டு விரலைக் காட்டினான்.

அக்கா கேப்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய விரல் வெள்ளித்தாளின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க?"

"அது ஆரம்பத்துல," என்றார். "இந்தக் கிளப்பே அப்போ கிடையாது."

"எத்தனை?"

"மூணு."

 மூன்று தடவை அந்தக் கைப்பிடியை இழுத்து மூன்று தடவையும் உயிரோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டவர், இரண்டு தடவை இழுத்தவனுக்கு ரிப்பன் கட்டிக் கொடுத்திருக்கிறார். திரிந்த பால் நாக்கில் பட்டதுபோல அவள் வாயில் எச்சில் ஊறியது. இங்கே துப்ப முடியாது. விழுங்கினாள். விழுங்கியதில் அவளுடைய அன்றைய சிரிப்பும் இருந்தது. அதுவும் அதே வாடைதான்.

"அதை வெளியில எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

கேப்டன் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். கதவு குறுகல். அட்டை இடித்தது. பக்கவாட்டில் திருப்பி வெளியே போனார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியருகே வந்து போனார்கள். காயத்தைப் பார்த்தார்கள். 

எல்லாம் முடிய ஒரு மணி ஆகிவிட்டது. அக்கா அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து காரின் முன்சீட்டில் உட்கார வைத்தாள். வெயிலில் நின்ற வண்டி உள்ளே கொதித்தது.

"அங்க அவங்ககிட்ட என்ன கேட்டே?" என்றாள் அம்மா.

அக்கா அவள் காதருகே குனிந்தாள். "எத்தனை பேருக்குப் பயம் வந்திருக்குன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"எல்லாருக்கும் வந்திருக்காம்."

அம்மா அதை யோசித்தாள். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "பாவம்," என்றாள். யாரைச் சொன்னாள் என்று அக்கா கேட்கவில்லை.

சீட் பெல்ட்டை இழுத்து அம்மாவின் மடிக்குக் குறுக்கே கொண்டுவந்து கொக்கியை அழுத்தினாள். சொடுக்கென்று விழுந்தது. இழுத்துப் பார்த்தாள், பிடித்திருந்தது. மறுபக்கம் போய் உட்கார்ந்து சாவியைப் போட்டாள். பிறகு சாவியை விட்டுவிட்டு, கையை நீட்டி, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.