யார் தோளில் பொன்னாடை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. கேட்டு வாங்கப்பட்ட கதை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி.

நாகர்கோவிலில் ‘இணக்கம்’ என்றொரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. ஊர்ச் சண்டைகளில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பது அதன் ஒரு வேலை. அப்படித் தீர்ப்பதற்கு அரசே வழிசெய்ய வேண்டும் என்று எம்.எல்.ஏ.க்களையும் அதிகாரிகளையும் விடாமல் நச்சரிப்பது இன்னொரு வேலை. அதன் இயக்குநர் ராஜகுமார் போனில் கூப்பிட்டார்.

“சார், ஒரு உண்மைச் சம்பவம் தாரேன். கதையா எழுதிக் குடுங்க. புத்தகமாப் போட்டு எல்லா எம்.எல்.ஏ.வுக்கும் குடுக்கணும். முடிவு மட்டும் கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்.”

சம்பவம் கைக்கு வந்துவிட்டது. முடிவில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

2

முதல் தொடக்கம்: வட்டக்கோட்டைக்குப் போகும் வழியில், கடற்காற்று தென்னை ஓலைகளைத் தடவிக்கொண்டிருந்த அந்த அழகிய சிற்றூரில்—

வேண்டாம். காற்றை ரசிக்கும் நிலையில் அந்த ஊரில் அப்போது ஒருவரும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: சகாயசெல்வி அன்று காலையிலிருந்தே ஒரு தாளை மடித்தும் பிரித்தும் வாசித்துக்கொண்டிருந்தாள்.

இது இருக்கட்டும். இணக்கத்தின் களப்பணியாளர் அவள். சண்டை போடுகிறவர்களுக்கு நடுவில் கலங்காமல் உட்காருவாள். மேடை, மைக் என்றால் ஓடி ஒளிவாள். அன்று எம்.எல்.ஏ.க்கள் குழு ஒன்று நாகர்கோவிலுக்கு வந்திருந்தது. திருவிழாத் தகராறுகளில் போலீஸ் தடை போடுவதற்கு முன்னால், பயிற்சி பெற்ற ஒரு நடுவரும் பேசுவதற்கு அவகாசமும் சட்டப்படியே கிடைக்க வேண்டும் என்று இணக்கம் பல வருடங்களாகக் கேட்டுவருகிறது. அது நடக்கிற காரியம்தான் என்பதற்கு ஒரே சாட்சி செல்வி தீர்த்துவைத்த தகராறு. அவள் பேசித்தான் ஆகவேண்டும்.

3

ஆகவே தகராறு.

அந்த ஊர் முக்கின் ஒரு பக்கம் அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டிடமான நிழல்தாங்கல், மறுபக்கம் சர்ச். கார்த்திகையில் தாங்கலில் அவர்களுடைய புனித நூலான திருஏட்டின் வாசிப்பு நாள்கணக்கில் நடக்கும். சர்ச்சில் கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டம். ஏட்டின் திருக்கல்யாணப் பகுதியை வாசிக்கும் மாலையும் கன்வென்ஷன் முதல் நாளும் ஒரே வெள்ளிக்கிழமையில் விழுந்த வருடம், முக்கில் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. இவர்கள் சத்தத்தைக் கூட்ட, அவர்கள் கூட்ட, யாரோ ஒயரை அறுக்க, கல் பறந்தது. ஒரு பக்கத்தில் ஓர் இளைஞனுக்குக் கண் போயிற்று. மறுபக்கத்தில் ஒரு கடை எரிந்தது.*

(* எந்தப் பக்கத்தில் எது என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். காரணம் போகப்போகத் தெரியும்.)

தாங்கலை நடத்துகிற முருகதாஸையும் சபைச் செயலர் ஜெபதாஸையும் பொதுவான ஓர் உரக்கடையின் மாடியில் கொண்டுவந்து உட்காரவைக்கவே செல்விக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

“உங்க ஞாயத்த மொதல்ல சொல்லப்பிடாது அண்ணாச்சி. அவருக்க ஞாயத்த நீங்க சொல்லணும். அவரு சரின்னு தலையாட்டுன பெறவுதான் உங்க ஞாயம்.”

“அவருக்க ஞாயத்தச் சொல்ல எனக்கு எதுக்காக்கும் வாயி?” என்றார் முருகதாஸ். “அவருக்கு இல்லியா?”

“நான் சொல்லிப்போடுவேன்,” என்றார் ஜெபதாஸ். “இந்தாளு தலைய ஆட்டமாட்டாரு, பாத்துக்க.”

பல உட்காரல்கள். தலை ஆடவே இல்லை. பிறகு ஒருநாள் ஒரு தலை ஆடியது. இன்னொரு நாள் மற்றதும் ஆடியது. கடைசியில் ஒரு மாலை, இருவரில் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “செரி. நான் எனக்க ஸ்பீக்கர உள்பக்கமாத் திருப்புகேன்.” “அப்பம் நானும்,” என்றார் மற்றவர்.

மறு வருடக் கார்த்திகையில் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் திரும்பின. யார் முதலில் சொன்னது என்பது மட்டும் மாடியை விட்டு வெளியே வரக்கூடாது என்று இருவருமே செல்வியிடம் கையடித்து வாங்கிக்கொண்டார்கள். எதிராளிதான் முதலில் இறங்கி வந்தான் என்று தாங்கல்காரர்கள் நம்புகிறார்கள். சர்ச்காரர்களும் அப்படியே நம்புகிறார்கள். அந்த ஊரின் ஓராண்டு அமைதி இந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது. கேவலமான அஸ்திவாரம்தான், ஆனாலும் கல் பறக்கவில்லை.

4

செல்வி நன்றாகவே பேசினாள். ஒருவர் முதலில் இறங்கி வந்ததையும் சொன்னாள், பெயரை மட்டும் விட்டுவிட்டாள். முன்வரிசையில் முருகதாஸும் ஜெபதாஸும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர் சானல் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. ஊரில் இரண்டு பக்கத்துப் பையன்களும் செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

குழுத் தலைவர் கெட்டவர் அல்லர். (கெட்டவராக எழுதிப் பார்த்தேன், கதை சுலபமாகிவிட்டது. மாற்றிவிட்டேன்.) அவர் உண்மையாகவே நெகிழ்ந்துபோனார். எழுந்து நின்று உதவியாளரிடம் கை நீட்ட, அவர் ஒரு பொன்னாடையைப் பிரித்துக் கொடுத்தார். ஒரே ஒரு பொன்னாடை.

“சண்டை போட ஆயிரம் பேர் உண்டு. முதல்ல விட்டுக்கொடுக்கத்தான் ஆள் இல்ல. அந்த ஆள நான் இந்த மேடையிலயே கௌரவிக்கணும். சொல்லும்மா, யார் அவர்?”

கைதட்டினார்கள். ராஜகுமாரும் தட்டினார்.

செல்வி அந்தப் பொன்னாடையையே பார்த்தாள். அந்தத் துணி யார் தோளில் விழுகிறதோ அவர் இன்று சாயங்காலம் ஊர் போய்ச் சேரும்போது தோற்றுவந்தவர். அடுத்த கார்த்திகையில் ஸ்பீக்கர் திரும்பாது. இன்னொரு கண் போகும். சொல்லாவிட்டால், இத்தனை வருடமாகக் கேட்ட சட்டம் இந்த மேசையைத் தாண்டாது. முன்வரிசையைப் பார்த்தாள். இருவரும் அவளைப் பார்க்கவில்லை.

“யாரும்மா?”

“சொல்ல முடியாது, சார்.”

“மறந்துபோச்சா?”

“இல்ல சார். நல்லா ஓர்மையிருக்கு. சொல்ல மாட்டேன்.”

5

ராஜகுமாருக்காக எழுதிய முடிவு: அப்போது முருகதாஸும் ஜெபதாஸும் ஒருசேர எழுந்து, மேடையேறி, அந்தப் பொன்னாடையின் இரு முனைகளையும் பிடித்து, கண்ணீர் மல்க—

மன்னிக்கவும். எழுதும்போதே எனக்குக் கூசியது.

இன்னொன்று: தலைவர் செல்வியின் உறுதியைக் கண்டு வியந்து, அந்த இடத்திலேயே மசோதாவுக்கு—

இதுவும் நடக்கவில்லை.

நடந்தது இது. பிரித்த பொன்னாடையைத் திருப்பி மடிக்க முடியாமல் தலைவர் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் நின்ற ராஜகுமாரின் தோளில் போட்டார். ராஜகுமார் வாங்கிக்கொண்டார், மறுநாள் பேப்பரில் படம் வந்தது. இணக்கத்தின் கோரிக்கையைப் பற்றித் தலைவர் சொன்னது, “பார்க்கலாம்.” அதற்கு என்ன பொருள் என்று இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“ஒரு பேரச் சொல்லியிருந்தா சட்டமே வந்திருக்கும் செல்வி,” என்றார் ராஜகுமார், பொன்னாடையோடு.

“அந்த ஒரு ஊரு போயிருக்கும் சார்.”

“ஒரு ஊருதானே.”

ராஜகுமார் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சட்டம் வந்தால் நூறு ஊர்களில் கல் விழாமல் இருக்கும். அந்தக் கணக்கு செல்விக்கும் தெரியும். வாசலுக்கு வந்து ஒரு தூணோரமாக நின்று அழுதாள்.

6

இருவரில் ஒருவர் அங்கே வந்தார். (எந்த ஒருவர் என்று சொல்ல மாட்டேன். அவர் வரும்போதும் போகும்போதும் சொன்ன வணக்க வார்த்தையை எடுத்துவிட்டேன். அதைக் கேட்டாலே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவர் செல்வியை அழைத்த முறையையும் எடுத்துவிட்டேன்.)

“நீ சொல்லிருவேன்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன்.”

“எனக்கும் பயமாத்தான் இருந்து.”

“எனக்க மவனும் போன்ல பாத்துட்டுல்லா இருந்திருப்பான்.” அவர் தூணில் சாய்ந்துகொண்டார். “அவனுக்குத் தெரியாது. எதிராளிதான் கால்ல விழுந்தாருன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியான். நான் வாய மூடிக் கேட்டுட்டு இருக்கேன், என்ன செய்ய?”

இறங்கி வந்தவர் அவர். தன் மகன் முன்னாலேயே இறங்காதவராக வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

மற்றவர் தூரத்தில் பஸ்சுக்கு நின்றார். அவருக்கும் எல்லாம் தெரியும். ஓர் ஆண்டாக அவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவர்மேல்தான் மரியாதை கூடுகிறது.

7

ராஜகுமார் தினமும் செய்தி அனுப்புகிறார். முடிவு வேண்டுமாம். “பேரு போட்டா நல்லாருக்கும் சார், கற்பனைன்னு கீழ ஒரு வரி சேத்துக்கலாம்.”

பெயர் எனக்குத் தெரியும். செல்வி சொல்லவில்லை; இரண்டு பேரோடும் கொஞ்ச நேரம் பேசினால் யாருக்கும் தெரிந்துவிடும். ஒருமுறை எழுதியும் பார்த்தேன்: அன்று மாடியில் முதலில் தலை குனிந்தவர்—

இவ்வளவுதான் என்னால் முடிந்தது. மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இந்நேரம் மனதுக்குள் ஒருவரைத் தேர்ந்திருப்பீர்கள். தடுக்க என்னால் ஆகாது. ஆனால் வட்டக்கோட்டை பார்க்க வருகிறவர்கள் அந்த முக்கில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடிப்பது வழக்கம். அங்கே அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

இந்த வருடமும் இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமையில்தான் விழுகின்றன. செல்வி அதற்கு முந்தின நாளே போய்விட்டாள். உரக்கடை மாடியில் மூன்று நாற்காலிகளைப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் வருவார்களா என்று படியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.