ஃப்ளோட்டிங் வட்டி வீடு

ஓசூரில் கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் ரோட்டில் முனிலட்சுமி கட்டிய வீடு தரையில் நிற்பதில்லை. வீட்டுக்கடன் எழுதும்போது பேங்க் மேனேஜர் வட்டி மாறாத ஃபிக்ஸடா, ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங்கா என்று கேட்டார். கம்பெனி பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில் இவள் ஃப்ளோட்டிங் என்றுவிட்டாள். பிறகென்ன, பால் காய்ச்சிய அன்றே வீடு முழங்கால் உயரம் எழும்பிவிட்டது. பம்பாயில் ரிசர்வ் பேங்க் வட்டியை ஏற்றினால் வீடும் ஏறும், இறக்கினால் இறங்கும். தெருக்காரர்கள் கொஞ்ச நாள் அண்ணாந்து பார்த்தார்கள், அப்புறம் அவரவர் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள்.

விலைவாசி கண்டபடி ஏறிய வருஷம், அதை அடக்க வட்டியும் ஏறிக்கொண்டே போனது. வீடு மாடி உயரத்துக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்தா மகள் சுவாதிக்கு அஞ்செட்டியிலிருந்து சம்பந்தம் வரவேண்டும்! பையன் பாலாஜிக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. பையனின் அம்மா சாந்தம்மாதான் ஏணியைப் பார்த்ததும், "தரையில நிக்காத ஊட்டுல பொண்ணெடுக்க மாட்டேம்மா" என்று திரும்பிவிட்டாள். சுவாதி சோற்றைத் தொடவில்லை.

தேர்தல் சமயம் அது. ஆளுங்கட்சிக் கவுன்சிலர் முனிவேல் ஓடி வந்தார். "கவலய உடுக்கா. பேங்க்காவது ஒண்ணாவது! கவர்மென்ட் எங்க கையில இருக்குது, நாளைக்கே எறக்கிக் குடுக்கறேன்." சொன்னபடியே கிரேன் வைத்து, தேர்வடம் போட்டு, வீட்டைத் தரைக்கு இழுத்துக் கட்டினார். பட்டாசும் வெடித்தார். சாந்தம்மாவும் வந்து, வாசற்படியை மிதித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் தாம்பாளத்துத் தேங்காய் மெல்ல எழுந்தது. பின்னாலேயே தக்காளி, வெங்காயம், துவரம்பருப்பு எல்லாம் போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டன. சாந்தம்மாவின் காபி டம்ளரை விட்டுக் கழன்று மேலே போனது. வட்டியைக் கட்டிப்போட்டால் விலைவாசி பறக்காமல் என்ன செய்யும்? அதோடு நின்றதா? தெருவில் ஒவ்வொரு வீட்டு அரிசியும் ஜன்னல் வழியாகக் கைக்கு எட்டாமல் பறந்தது. "எலக்சன் முடியட்டும்க்கா, வடத்த அவுக்காத" என்று முனிவேல் கெஞ்சினார்.

முனிலட்சுமி மகளைப் பார்த்தாள், வாயில் துணியை வைத்து அழுதாள். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். "எம்பொண்ணு கல்யாணத்துக்குத் தெருவே பட்டினி கெடக்கணுமா தம்பி? நீ ரோடு போடு. வட்டிய ரிசர்வ் பேங்க்காரங்க பாத்துக்குவாங்க." வடம் அறுந்தது. சாந்தம்மாவையும் உட்கார வைத்தபடியே வீடு மேலே போனது. தக்காளியெல்லாம் பொத்பொத்தென்று கீழே விழுந்தது.

முனிலட்சுமி ஏணியைச் சாத்தி, தலை குனிந்து ஏறிப் போனாள். சாந்தம்மா புடவையில் விழுந்த பருப்பை உதறிக்கொண்டிருந்தாள். "காபி இன்னொண்ணு போடும்மா. தெருவுக்காக வடத்த அறுத்தவ ஊட்டுல பொண்ணெடுத்தா எனக்கென்ன கொறஞ்சா போச்சு?"

கல்யாணம் மேலேயே நடந்தது. முனிவேலும் ஏணியேறி வந்து நூற்றியொரு ரூபாய் மொய் வைத்தார். நூறு ரூபாய் நோட்டு ரிசர்வ் பேங்க் அடித்தது, ஒரு ரூபாய்க் காசு கவர்மென்ட் அடித்தது. சேர்த்துதான் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் வட்டி குறைந்து வீடு கொஞ்சம் இறங்கியது. முனிலட்சுமி ஏணியில் ஒரு படியைக் கழற்றினாள். தூக்கி எறியாமல் பரணில் வைத்தாள்.