ஐந்தாவது படம்

வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்தபடி இருந்த அந்தத் துணிக்கடையில், காசாளர் மேசைக்குப் பக்கத்துத் தூணில் ஐந்து படங்கள் ஒட்டியிருந்தன. மேலே மூன்று மொழியிலும் 'திருடர்கள்' என்று எழுதியிருந்தது. பெயர்ப் பலகையில்கூட மூன்று மொழியை ஒழுங்காக எழுதாத கடை, இதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. நான்கு படங்களை ஒட்டியவர் முதலாளி சாந்தகுமார். ஐந்தாவதை ஒட்டியவள் மயூரி.

மயூரிதான் அங்கே விற்பனைப் பெண்களுக்குப் பொறுப்பு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பஸ் ஏறி வந்தவள் அவள் என்பது கடையில் ஒருவருக்கும் தெரியாது. தோட்டத்து ஆள் என்றால் இளக்காரமாகப் பார்ப்பார்களென்று, வேலை கேட்டு வந்த அன்றே ஊர் வடக்கே வவுனியா என்று சொல்லிவிட்டாள். யாழ்ப்பாணம் என்றால் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய மகள் என்று கிண்டத் தொடங்கிவிடுவார்கள். வவுனியா என்றால் அவ்வளவு துருவ மாட்டார்கள். மூன்றே மாதத்தில் 'ஓம்', 'கதைக்கிறன்' என்ற வடக்குப் பேச்செல்லாம் நாக்கில் படிந்துவிட்டன. அம்மாவோடு போனில் பேச வேண்டுமென்றால் மட்டும் கடற்கரைத் தண்டவாளத்துப் பக்கம் போய்விடுவாள். அங்கே ரயிலும் அலையும் போடுகிற சத்தத்தில் யார் எப்படிப் பேசினாலும் எவருக்கும் கேட்காது.

மூன்று வாரத்துக்கு முன் அந்த வேஷம் ஒரு நிமிடம் கலைந்தது. தோட்டத்திலிருந்து வந்து மாடிக் குடியிருப்பொன்றில் வீட்டுவேலை செய்துவந்த சுபாஷினி என்ற இருபத்தைந்து வயதுப் பெண், குழந்தைச் சட்டை ஒன்றைக் குடைக்குள் செருகினாள். அதைக் கண்ட மயூரி, பதற்றத்தில் அவள் கையைப் பிடித்து, தோட்டத்துப் பேச்சிலேயே "என்னா புள்ள இது?" என்று கேட்டுவிட்டாள்.

பயந்து வெளிறியிருந்த முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "அக்கா, நீங்க நம்ம பக்கந்தானே?" என்று சுபாஷினி மெதுவாகக் கேட்டாள்.

"நான் வவுனியா. கதைக்காமல் நில்லும்," என்றாள் மயூரி.

முதலாளி அன்று நல்ல மனநிலையில் இருந்தார். சட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, நாலு வார்த்தை ஏசி அனுப்பிவிடச் சொன்னார். மயூரிதான் விடவில்லை. ஒருத்தியை விட்டால் பத்துப் பேர் வருவார்கள் என்று முதலாளிக்கே பாடம் நடத்தினாள். படம் எடுத்தாள், ஊரிலுள்ள வீட்டுப் போன் நம்பரை எழுதி வாங்கினாள், தானே பிரின்ட் எடுத்துத் தானே ஒட்டினாள். களவுக்காகவா ஒட்டினாள்? தன்னைக் கண்டுபிடித்தவளைக் கள்ளியாக்கிவிட்டால் அவள் சொல்வதை இனி யார் நம்பப்போகிறார்கள் என்பதுதான் அவள் போட்ட கணக்கு.

நாலாம் நாள் சுபாஷினியின் வீட்டுக்கார அம்மா துணி வாங்க வந்து படத்தைப் பார்த்தார். அன்றே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக அடுத்த முறை வந்தபோது சொல்லி, மயூரிக்கு நன்றியும் சொன்னார். மயூரி அன்று இரண்டு முறை தூணருகே போய் நின்றாள். ஆனாலும் படம் தூணிலேயே இருந்தது.

நேற்று, கல்யாணமொன்றுக்காகக் கனடாவிலிருந்து வந்திருந்த ஓர் அன்ரி பட்டுச் சால்வை ஒன்றைக் கைப்பைக்குள் இறக்கினார். கமராவில் பளிச்சென்று தெரிந்தது. அந்தச் சால்வையின் விலைக்குக் குழந்தைச் சட்டை இருபது வாங்கலாம். முதலாளி சிரித்தார். அன்ரிக்கு மறதி என்றார். விலையைப் பில்லில் சேர்த்துவிட்டு, குடிக்கக் குளிராக ஏதோ வரவழைத்துக் கொடுத்தார். பைகளைக் கார்வரை தூக்கிப்போனவள் மயூரி. அன்ரி அவள் கன்னத்தைத் தட்டி நல்ல பிள்ளை என்றார். மயூரிக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இன்று மத்தியானம் கடையில் ஆள் குறைந்த நேரம் பார்த்து, ஐந்தாவது படத்தைக் கழற்றட்டுமா என்று முதலாளியிடம் கேட்டாள். மறுப்பார், வாதாட வேண்டிவரும் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அவர் கல்குலேட்டரிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

"நீர்தானே ஒட்டினனீர். கழட்டும்," என்றார். "தோட்டத்துப் பிள்ளையள் எண்டா இப்பிடித்தான். அதுதான் நான் அவையளை வேலைக்கு எடுக்கிறேல்லை."

இவ்வளவுதானா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். கேட்காமல் இருந்தது அவள்தான். மயூரிக்கு வெட்கத்தில் காது சுட்டது. படத்தை உரித்தெடுத்தாள். சுபாஷினியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எங்காவது வேலை பார்த்துத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். தாமதித்தால் துணிவு போய்விடுமென்று அங்கேயே நின்று அந்த வீட்டு நம்பரை அழுத்தினாள். எடுத்தது சுபாஷினியின் தாய்.

"சுபாஷினியோட கதைக்கலாமோ?" பழக்கதோஷத்தில் அப்படித்தான் வாயில் வந்தது.

தாய் பதறினாள். "வீட்டுக்கார அம்மாங்களா? ரெண்டு வாரமா புள்ள போனே எடுக்கலைங்கம்மா. ஒங்க வீட்லதானே இருக்கா?"

மயூரிக்குப் புரிந்துவிட்டது. வேலை போன சுபாஷினி வீட்டுக்குப் போகவே இல்லை. எங்கே இருக்கிறாளென்று பெற்றவளுக்கும் தெரியவில்லை. ஓம் என்று ஒரு பொய் சொல்லலாம். பேசாமல் போனை வைத்துவிடலாம். முதலாளி மூன்றடி தள்ளித்தான் இருந்தார்.

"இல்லங்கம்மா," என்றாள், பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கடைக்குள் தெரிந்தே தன் சொந்தப் பேச்சில். "நான் வீட்டுக்கார அம்மா இல்ல. நானும் பொகவந்தலாவ தோட்டத்துப் புள்ளதான்."

கல்குலேட்டரில் முதலாளியின் விரல் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும். படத்தை ஒட்டியது தான்தான் என்ற மிச்சத்தையும் சொல்லிவிட மயூரி மூச்சை இழுத்தாள். அதற்குள் அந்தப் பக்கம் தாய் ஆறுதலாகப் பெருமூச்சு விடுவது கேட்டது.

"நம்ம புள்ளயா? அப்ப சரி தாயி. நீங்க பக்கத்துல இருக்கையில அவளுக்கு என்னா கொற?"