கழுதையின் பெயர்

2019 மார்ச் 4, திங்கட்கிழமை. விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே, கார்னெட் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. இரண்டுக்கும் பிரெனோரியா என்று பெயர் வைக்கப்பட்டது.

இரண்டு பெயர்களையும் கணினியில் ஏற்றியவள் லொரெய்ன் ஹாவர்சன். இருபத்தெட்டு ஆண்டுகளாக அங்கே பிறப்புப் பதிவு எழுத்தர் அவள் ஒருத்திதான். தாய் கைப்பட எழுதித் தருவதை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏற்ற வேண்டும், திருத்தக் கூடாது. அது விதி. உள்ளுக்குள் சிரிப்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

"பேரா இது? மலச்சிக்கல் மாத்திரை மாதிரி இருக்கு" என்றாள் நர்ஸ் ரோண்டா, தாள்களை மேசையில் போட்டபடி. "படுக்கப் போறப்ப ரெண்டு பிரெனோரியா, வெந்நீர்ல."

"ஒருத்தி 'ஈ'க்குப் பதிலா 'ஒய்' போட்டிருக்கா பாரு" என்றாள் லொரெய்ன், தாளில் இருந்த ஆங்கில எழுத்தின்மேல் விரலை வைத்து.

"ஏனாம்?"

"தனியாத் தெரியணுமாம். பக்கத்துக் கட்டில்ல நேத்துப் பெத்தவளும் 'ஒய்'தான்."

பெயர் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது. மூன்று குளிர்காலமாக ஊரே அதைப் பார்த்தது. பனியில் குதிரையேறி வாள் வீசும் நாயகி பிரெனோரியா. அந்தப் பெயரைத் தான் மட்டும்தான் கவனித்ததாக ஒவ்வொரு தாயும் நம்பினாள். உலகத்தில் எவருக்கும் இல்லாத பெயர் என்று சொல்லிக்கொண்டே வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள்.

ஆனால் தொடருக்கு மூலமான நாவலை லொரெய்ன் பதினேழு வயதில் இரண்டு முறை படித்தவள். மலிவுத் தாளில் அச்சான தடிப் புத்தகம். அதில் பிரெனோரியா ஒரு கோவேறு கழுதை. உப்பு மூட்டை சுமக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் சேற்றில் புதைந்து செத்துப்போகும். நாயகியின் பெயர் ஹில்டா. ஹில்டா என்றொருத்தி வாள் வீசினால் யார் பார்ப்பார்கள் என்று தொடர்க்காரர்கள் யோசித்திருக்க வேண்டும். செத்த கழுதையின் பெயரை எடுத்து அவளுக்குச் சூட்டிவிட்டார்கள். இப்போது மாவட்டமெங்கும் தொட்டிலில் கழுதைகள்.

ஈஸ்டர் விருந்தில் அவள் வீட்டிலேயே அந்தப் பெயர் வந்து உட்கார்ந்தது. மகள் டெவோனாவுக்கு எட்டாம் மாதம். பன்றித் தொடையை அறுத்துத் தட்டில் வைத்த கையோடு சொன்னாள்.

"பேர் முடிவு பண்ணிட்டோம்மா. பிரெனோரியா. ஆனா 'ஒய்' போட்டு."

லொரெய்ன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். முதல் பேத்தி. மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் சரி. தன் வீட்டுப் பிள்ளை ஆயுசு முழுக்க இதைச் சுமப்பதா? உள்ளே போய்ப் பழைய புத்தகத்தை எடுத்து வந்தாள். கழுதை செத்த பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள்.

மருமகன் கர்ட் வாயில் உருளைக்கிழங்கோடு கேட்டான். "உப்பு மூட்டை எத்தனை அத்தை?"

"ஆறு."

"அடேங்கப்பா! பலசாலிதான். எனக்கு இன்னும் புடிச்சுப்போச்சு."

"கழுதைடா அது!"

"பரவால்ல அத்தை. எங்கப்பா பேரு ஆளு பேருதான். அவரு ஒரு மூட்டைகூடத் தூக்கினதில்ல."

டெவோனா சிரிக்கவில்லை. "அம்மா, என் பேர் எங்கேருந்து வந்துச்சு?"

லொரெய்ன் புத்தகத்தை மூடினாள்.

"நான் சொல்றேன். அப்பா என்கிட்ட சொல்லிட்டாரு. மத்தியானம் ரெண்டு மணி சீரியல். ஓட்டல் முதலாளி டெவோனா. புருஷனை லிஃப்ட் குழியில தள்ளிவிட்டவ. என்னை வயித்துல வச்சுக்கிட்டு நீ அதைத்தான் பாத்துட்டிருந்தியாம். கழுதை யாரையும் கொல்லலைல்ல?"

"அது வேற காலம்" என்றாள் லொரெய்ன். அவளுக்கே அது மட்டமான பதிலாகப் பட்டது. அதன் பிறகு மேசையில் யாரும் பெயர் பேச்சு எடுக்கவில்லை.

மே 23 அன்று குழந்தை பிறந்தது. பத்தொன்பது மணி நேர வலி. மறுநாள் காலை டெவோனா கண்ணைத் திறக்க முடியாமல் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். லொரெய்ன் தன் அறைக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். 'ஒய்' இருந்தது. கடைசி 'ஏ'வுக்கு முன்னால் வர வேண்டிய 'ஐ' இல்லை. பிரெனோரா.

தாளை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். விடுபட்ட எழுத்துதான், கை சோர்ந்ததில் நழுவியிருக்கிறது. பிரெனோரா! ஒரு பாட்டு வாத்தியாருக்கு இருக்கலாம், ஒரு நீதிபதிக்கு இருக்கலாம். கழுதைக்கு இருக்காது. வேறு தாய் என்றால் விதியே போதும். இவள் மகள். மாடி ஏறிப் போய், "கண்ணு, ஒரு எழுத்து விட்டுட்டே" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது.

லொரெய்ன் விதிப்படி, உள்ளது உள்ளபடி ஏற்றினாள். சரிபார்ப்புப் பிரதியை ரோண்டாவிடம் கொடுத்து மேலே அனுப்பினாள். எல்லாப் பெற்றோரையும் போல டெவோனாவும் கர்ட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். மாலைக்குள் படிவம் தலைநகருக்குப் போய்விட்டது.

ஆறு வாரம் கழித்துச் சான்றிதழ் தபாலில் வந்தது. அன்று மதியமே தொலைபேசி அடித்தது.

"அம்மா, பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு."

"உன் கையெழுத்துத் தாள் என்கிட்ட இருக்கு" என்றாள் லொரெய்ன். அந்தப் பதிலை ஆறு வாரமாகத் தயாராக வைத்திருந்தாள்.

"அட, நான் சண்டைக்கு வரலைம்மா. போன வாரம் கர்ட்டோட தங்கச்சியும் பிரெனோரியான்னு வச்சுட்டா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இப்பப் பாரு, இந்தப் பேர் யாருக்குமே இல்ல! ஊர்த் தாய்மாருங்க குழுவுல போட்டோவோட போட்டுட்டேன். முந்நூறு பேர் எங்க கண்டுபுடிச்சேன்னு கேக்கறாங்க."

"என்ன சொன்னே?"

"பழைய நாவல்ல இருக்குன்னேன்."

2020ஆம் ஆண்டில் கார்னெட் மருத்துவமனையில் நூற்றுப் பதினோரு பெண் குழந்தைகள் பிறந்தன. பிரெனோரியா, எல்லா எழுத்துக்கூட்டல்களும் சேர்த்து, ஐந்து. பிரெனோரா ஏழு. லொரெய்ன் எல்லாவற்றையும் எழுதியிருந்தபடியே ஏற்றினாள்.