நின்ற கடிகாரம் வீட்டுக்கு ஆகாது

என் கணவர் சென்னிமலை 1974 தை மாதம் பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை திறந்தார். சுவர்க் கடிகாரம் மட்டும்தான் பார்ப்பார். கைக்கடிகாரத்தோடு வருகிறவர்களை, "பாலக்காட்டுல குடுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். மறு வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில், கடையின் பின்னறையிலேயே போய்விட்டார். சுவரில் பதினோரு கடிகாரங்கள் ஓடாமல் தொங்கின.

கடையைக் காலி செய்துவிட்டுப் பொள்ளாச்சிக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட நினைத்தேன். உரியவர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். முதலில் எருத்தேன்பதி குப்பண்ணன் வந்தார்.

"அப்படியே எடுத்துட்டுப் போயிருங்க" என்றேன்.

"நின்ன கெடியாரத்த எப்படிங்க அம்மிணி ஊட்டுல மாட்டறது? அதுவும் எழவு விழுந்த எடத்துல இருந்து! ஓட்டிக் குடுங்க, கொண்டு போறேன்."

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

என் கணவருக்குப் பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தவள் நான். பத்து நாள் போராடிக் குப்பண்ணன் கடிகாரத்தை ஓடவைத்தேன். ஆனால் பெண்டுலக் கடிகாரம் வேறு சுவருக்குப் போனால் சாய்வு மாறி நின்றுவிடும். இரண்டு பக்கச் சத்தமும் சமமாக விழும்வரை அங்கேயே சரிபார்க்க வேண்டும். தாலியறுத்து நாற்பது நாள் ஆகாதவளை யார் வீட்டுக்குள் விடுவார்கள்?

எருத்தேன்பதியில் வாசலிலேயே நின்றேன். குப்பண்ணன் உள்ளே மாட்டினார். நான் ஜன்னலோரம் காது கொடுத்தேன்.

"இடது பக்கம் இறக்குங்க... ஐயோ, அத்தன வேண்டாங்க!"

"இது கெடியாரமா கிடேரியா அம்மிணி? புடிச்சா நிக்க மாட்டேங்குது."

"உங்க இடது கை எதுன்னு மொதல்ல பாருங்க" என்று அவர் மனைவி ராமாத்தாள் உள்ளே சிரித்தாள்.

சத்தம் சீரானது. ஒரு மணி நேரம் வெயிலில் நின்று கேட்டேன். ஓடியது. இனிப் பத்துதான் என்று கிளம்பினேன்.

ராமாத்தாள் படி தாண்டாமல் மோர்ச் சொம்பை நீட்டினாள். "உள்ள வராமயே ஓட்டிப்போட்டீங்களே! எங்கக்கா ஊட்டுலயும் ஒண்ணு கிடக்குதுங்க, நாளைக்கே குடுத்துவிடறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரர் தன் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் வந்தார். "கிளம்பலாமா கமலா?"

"இன்னும் பன்னெண்டு இருக்குதுங்கண்ணா."

"பதினொண்ணுன்னுதானே கடுதாசில எழுதியிருந்தே?"

நான் அடுத்த கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். சாயங்கால பஸ்ஸில் அவர் மட்டும் பொள்ளாச்சிக்குப் போனார்.